மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் வீட்டில் ஃபேன் அனலாக அடிக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டாவது மாடி, மொட்டைமாடிக்கு நேர் கீழே வாடகை வீடு. முன்னால் கிழக்குப் பார்த்த ஹால், நடுவில் படுக்கையறை, பின்னால் சமையல்கட்டு, அதை ஒட்டி மேற்கே சின்ன பால்கனி. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், ஜன்னலுக்கு இடமே இல்லை. மொத்தம் 400 சதுர அடி. ஏசி போட வசதியும் இல்லை, ஹவுஸ் ஓனர் சம்மதமும் இல்லை. எழுபது வயது அம்மா கூட இருக்கிறார். ராத்திரி ஒரு மணி வரை சீலிங் ஃபேன் அனலைத்தான் அடிக்கிறது. பெரிய ஃபேன் வாங்குவதா, ஏர்கூலர் வாங்குவதா, எக்ஸாஸ்ட் போடுவதா?

எக்ஸாஸ்ட் போடுங்கள். 12 அங்குலம், பின்பக்கம், சமையல்கட்டு ஜன்னலில். பெரிய சீலிங் ஃபேனும் வேண்டாம், ஏர்கூலரும் வேண்டாம். வயரிங், ஃபேன் வேலைக்காக ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளுக்குள் நிறைய போய் வருகிறேன். பெரும்பாலான இடங்களில் குறை ஃபேனில் இருப்பதில்லை. வீட்டுக்குள் சேர்ந்த சூடு வெளியே போக வழி இல்லாததுதான் குறை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால்தான் எக்ஸாஸ்டை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பது பிடிபடும்.

இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். மே மாதம் என்றால் கையை வைத்துக்கொண்டிருக்கவே பிடிக்காது. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், அந்தச் சூட்டை உடனே கீழே இறக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் உள்பக்கம் வரும். அதனால்தான் வெளியே வெயில் தாழ்ந்து தெருவில் காற்று வீசும்போது உங்கள் வீடு அதன் உச்சச் சூட்டில் இருக்கிறது. சீலிங்கை ஒட்டி நிற்கும் காற்றுதான் அறையிலேயே சூடான காற்று. சீலிங் ஃபேன் இறக்கை அதிலிருந்து ஒரு அடி கீழே சுற்றுகிறது. அந்தக் காற்றை இழுத்து உங்கள் தலையில் கொட்டுவதுதான் அதன் வேலை. பெரிய ஃபேன் போட்டால் அதே காற்றை இன்னும் வேகமாகக் கொட்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஃபேனும் காற்றைக் குளிர்விப்பதில்லை. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் மின்சாரம் எடுக்கிறது, அது அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் தங்குகிறது. குளிர்வது நம் உடம்பு மட்டும். நம் தோலின் சூடு 33 முதல் 35 டிகிரி. அதைவிடக் குறைந்த சூட்டில் இருக்கும் காற்று மேலே பட்டால் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், வியர்வையையும் உலர்த்தும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று பட்டாலே ஏறக்குறைய 3 டிகிரி குறைந்தது போல் தெரியும். ஆள் இல்லாத அறையில் சீலிங் ஃபேன் ஓடுவதால் அறை குளிராது. "படுக்கும்போது குளிர்ச்சியாக இருக்கட்டும்" என்று ஏழு மணிக்கே போட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் கரண்ட்தான் போகும்.

ஆகவே ஃபேனுக்கு இரண்டு வேலை. ஒன்று, ஆளுக்குக் காற்று தருவது. இன்னொன்று, வீட்டுக் காற்றை மாற்றுவது. சீலிங் ஃபேன் முதல் வேலையை நன்றாகச் செய்யும், இரண்டாவதை அறவே செய்யாது. உங்கள் வீட்டில் இரண்டாவது வேலைக்கு ஆளே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 சதுர அடி, 10 அடி உயரம் என்றால் 4000 கன அடி காற்று, சுமார் 113 கன மீட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளும் என்று போட்டிருக்கும். கடையில் பார்க்க வேண்டியது அதைத்தான், பலர் அங்குலத்தை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். பெட்டியில் 1500 என்று போட்டிருந்தால், கொசுவலை, கிரில், குறுகலான வாசல் எல்லாம் சேர்ந்து கையில் கிடைப்பது 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானாலும் ஏழே நிமிடத்தில் வீட்டுக் காற்று முழுக்க ஒரு முறை மாறிவிடும். வெளிக்காற்று உள்காற்றைவிட 5 டிகிரி குறைவாக இருக்கும் நேரத்தில், இந்த 1000 கன மீட்டர் வெளியே கொண்டு போகும் சூடு ஏறக்குறைய 1.6 கிலோவாட். ஒரு டன் ஏசி முழு வேகத்தில் எடுக்கும் சூடு 3.5 கிலோவாட். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான வேலையை, ஒரு பழைய குண்டு பல்பு எடுக்கும் கரண்டில், 50 வாட்டுக்கு, செய்ய முடிகிறது. வித்தியாசம் 5 டிகிரியிலிருந்து 2 ஆகக் குறைந்தால் பலனும் அந்த அளவுக்குக் குறையும். வெளியே உள்ளேயைவிடச் சூடு அதிகமாக இருக்கும்போது ஓட்டினால் அதே ஃபேன் வீட்டைச் சுட வைக்கும். எக்ஸாஸ்ட் போட்டும் பயனில்லை என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் மத்தியானம் ஒரு மணிக்கு அது ஓடிக்கொண்டிருக்கும்.

எப்போது ஓட்டுவது என்பதை நம் ஊர்க் காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வட சென்னைக்குக் கடல் கிழக்கே. உங்கள் தெருவிலிருந்து காசிமேடு அதிக தூரமில்லை. கோடையில் காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று வரும், அது உலர்ந்த அனல். மத்தியானத்தை ஒட்டி ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் கடல் காற்று உள்ளே ஏறும், வெயில் சட்டென்று மட்டுப்படும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் கடல் காற்று தாமதமாகும், சில நாள் வராமலே போகும். அப்படிப்பட்ட நாட்களில்தான் சென்னையில் 40 டிகிரி தாண்டுகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது, இன்றுவரை அதுதான் உச்சம்.

அதனால் உங்கள் நாள் இப்படி இருக்கட்டும். விடியற்காலை எழுந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்து, எக்ஸாஸ்டைப் போட்டு, எட்டு எட்டரை வரை ஓட விடுங்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் வெளிக்காற்று மிகக் குளிர்ந்திருக்கும் நேரம் அது, பலர் தூங்கிக் கழித்துவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் ஜன்னலைச் சாத்தி, கிழக்கு ஜன்னலுக்குத் திரை போட்டு விடுங்கள். காலை வெயில் நேராக ஹாலில் விழும் வீடு உங்களுடையது. உள்ளே இருப்பவர்களுக்குச் சீலிங் ஃபேன் மட்டும் போதும். கடல் காற்று ஏறிவிட்டதா என்று தெரிய, பால்கனிக் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பாருங்கள். கிழக்கிலிருந்து காற்று வரத் தொடங்கியதும் தெருப்பக்க ஜன்னலைத் திறக்கலாம். ஆனாலும் எக்ஸாஸ்டுக்கு அவசரப்பட வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு, ஆறு ஆறரைக்குப் போட்டால் படுக்கும்வரை ஓடட்டும். கையில் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பால்கனியில் பத்து நிமிடம், ஹாலில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். வெளியே குறைவு என்றால் ஓட்டு, அதிகம் என்றால் நிறுத்து.

மே மாதத்தில் நம் ஊரில் ராத்திரிகூட 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் நிறைய. கடற்கரை ஊர் என்பதால் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் எக்ஸாஸ்ட் போட்டால் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. சீலிங் சூட்டால் வீட்டுக்குள் 34, 35 என்று நிற்பதை வெளிக்காற்றின் பக்கத்தில், 30, 31க்குக் கொண்டு வரலாம். அந்த நிலையில்தான் சீலிங் ஃபேன் காற்று மேலே பட்டால் சுகமாக இருக்கும், ஒரு மணிக்கு வரும் தூக்கம் பத்தரைக்கே வரும்.

பின்பக்கம் ஏன் என்று கேட்கலாம். கடல் காற்று முன்பக்கமிருந்து வருகிறது. அது வரும் திசையிலேயே வீட்டுக்குள் இழுத்து, எதிர்ப்பக்கம் தள்ளினால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். முன்பக்கத்தில் மாட்டி வெளியே தள்ளினால் வரும் காற்றோடு ஃபேன் மல்லுக்கட்டும், சமையல்கட்டு வாடையும் பாத்ரூம் வாடையும் வீடு முழுக்க நடந்து வரும். அடுப்பும் பின்னால்தான் இருக்கிறது. ஒரு கேஸ் பர்னர் முழுதாக எரியும்போது சுமார் 2000 வாட் சூட்டை விடுகிறது. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட சீலிங் ஃபேன்களின் மோட்டார் சூட்டுக்குச் சமம். சோறு கொதிக்கும் ஆவி வேறு. ராத்திரிச் சமையலை ஏழு மணிக்குள் முடித்து, அதற்குப் பின்னும் அரை மணி எக்ஸாஸ்ட் ஓடினால் அந்தச் சூடு படுக்கையறைக்கு வராது.

காற்று வெளியே போக வேண்டுமானால் உள்ளே வரவும் வழி வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு எக்ஸாஸ்டைப் போட்டால் அது சத்தம் போடும், காற்று நகராது. எக்ஸாஸ்ட் வாயைப் போல இரண்டு மடங்கு அளவாவது முன்னால் திறந்திருக்க வேண்டும். ஹால் ஜன்னலில் இரண்டு கதவும் முழுதாகத் திறந்தாலே தாராளம். அப்புறம் நடு வழி. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே கனமான திரை தொங்குகிறது என்றால் அதைச் சுருட்டிக் கட்டுங்கள், இல்லையென்றால் காற்று வராது. மறைவு வேண்டுமென்றால் கதவின் நடுப்பாகத்தை மட்டும் மறைக்கும் பாதித் திரை போடுங்கள், மேலும் கீழும் காற்று போகும். கதவுக்கு மேலே பழைய வென்டிலேட்டர் இருந்து, அதில் அட்டை வைத்து அடைத்திருந்தால் அந்த அட்டையை எடுங்கள். சீலிங்கை ஒட்டிய சூடு அந்த வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போக முடியும்.

ஓர் ஊதுபத்தி ஏற்றிப் பாருங்கள். எக்ஸாஸ்டை ஓட விட்டு, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, ஊதுபத்தியை ஹால் ஜன்னல் அருகே பிடியுங்கள். புகை உள்ளே சாய வேண்டும். படுக்கையறை வாசலில் பிடித்தால் சமையல்கட்டுப் பக்கம் ஓட வேண்டும். எங்கே புகை நேராக மேலே எழும்பி நிற்கிறதோ அங்கே காற்று செத்துக் கிடக்கிறது. அந்த மூலையில் அம்மாவின் கட்டிலைப் போடாதீர்கள். பாத்ரூம் கதவிடுக்கிலும் பிடித்துப் பாருங்கள். புகை பாத்ரூமிலிருந்து வீட்டுக்குள் தள்ளப்பட்டால், முன்பக்க வழி போதவில்லை, எக்ஸாஸ்ட் சாக்கடைக் குழாய் வழியாகவும் காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம்.

இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. பாத்ரூமில் கேஸ் கெய்சர் இருந்தால், அது எரியும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்டை ஓட்டவே கூடாது. புகைபோக்கி வழியாக வெளியே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடை எக்ஸாஸ்ட் வீட்டுக்குள் திருப்பி இழுக்கும். அதற்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது, உயிரை எடுக்கும். கெய்சர் ஓடும்போது எக்ஸாஸ்ட் நிற்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எக்ஸாஸ்ட் வாங்கும்வரை என்ன செய்வது? வீட்டில் பழைய டேபிள் ஃபேன் இருக்கிறதா பாருங்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த டேபிள் ஃபேன் பல வீடுகளில் பரணில் தூசியோடு கிடக்கிறது. அதை எடுத்துத் துடைத்து, பின்பால்கனிக் கதவைத் திறந்து, முகத்தை வெளியே பார்க்க வையுங்கள். வாசலை ஒட்டி வைக்காமல் இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள். அப்போது ஃபேனிலிருந்து கிளம்பும் காற்று தன் பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வாசலை நிரப்பி வெளியேறும். ஒட்டி வைத்தால் வாசலின் ஓரங்கள் வழியே வெளிக்காற்று திரும்பி உள்ளே வந்துவிடும். ஊதுபத்தியை வைத்தே சரியான தூரத்தைக் கண்டுபிடிக்கலாம். பால்கனிக்குக் கிரில் கேட் இல்லையென்றால் ராத்திரி முழுக்கக் கதவைத் திறந்து வைக்க வேண்டாம், படுக்கப் போகும்வரை ஓட்டினால் போதும். ஆள் முழித்திருக்கும்போது வீட்டைக் காலி செய்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

சரி, சீலிங் ஃபேனுக்கு வருவோம். புதிது வாங்குவதற்கு முன் இருக்கிறதைச் சரி செய்யுங்கள். முன்பைவிட மெதுவாக ஓடுகிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு கண்டென்சர் போயிருக்கும். ஃபேன் ராடில் இருக்கும் கப்புக்குள், கட்டைவிரல் தண்டிக்கு இருக்கும் சின்ன உருளை அது. பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். பழையதில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே வாங்கிப் போட வேண்டும், வேகம் கூடட்டும் என்று பெரியதைப் போட்டால் காயில் சூடாகிக் கருகும். மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுத்து, இறக்கை. நம் பக்கத்தில் இறக்கையில் படிவது வெறும் தூசி இல்லை. மணலி, எண்ணூர் போகும் கன்டெய்னர் லாரிகளின் கரி, கடல் ஈரத்தோடு சேர்ந்து, காற்றை வெட்டும் ஓரத்தில் கறுப்பாக, பிசுபிசுப்பாக, நகத்தால் சுரண்டினால் உருண்டு வரும் அளவுக்கு ஒட்டிக்கொள்ளும். மேல்பக்கத்தில் இன்னும் மோசம், கீழிருந்து பார்த்தால் தெரியாது. அந்தக் கரடுமுரடு காற்றைக் குறைக்கும், ஆட்டத்தையும் கொண்டு வரும். காய்ந்த துணியால் தட்டினால் படுக்கை முழுக்க விழும். பழைய தலையணை உறையை இறக்கைக்குள் மாட்டி, இழுத்து வழித்தால் அழுக்கு உறைக்குள் விழும். பிறகு பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போட்ட ஈரத் துணியால் துடையுங்கள். ஒரு கையால் இறக்கையைத் தாங்கிக்கொண்டு துடைக்க வேண்டும், அழுத்தினால் வளைந்துவிடும்.

ஏணியில் ஏறினதோடு கொக்கியையும் பார்த்துவிடுங்கள். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக்காற்றில் ஃபேன் கொக்கியும் ராடில் இருக்கும் போல்ட்டும் துருப்பிடித்து உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். போல்ட்டுக்குக் குறுக்கே போடும் பின் இருக்கிறதா, ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. கீழே படுப்பது நம் பிள்ளைகள்.

ஃபேன் உயரமும் முக்கியம். இறக்கை தரையிலிருந்து 8 அடியில் இருந்தால் நன்றாகக் காற்று வரும், 7 அடிக்குக் கீழே வரவே கூடாது. சீலிங்குக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு அடியாவது இடைவெளி வேண்டும். ராயபுரம், மண்ணடிப் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் (செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கூரை) வீடுகளில் கூரை 12, 14 அடி உயரம். அங்கே குட்டை ராடில் ஃபேனை மேலே மாட்டிவிட்டு, காற்றே வரவில்லை என்கிறார்கள். நீளமான ராடு போட்டு இறக்கினால் அதே ஃபேன் போதும். அந்த வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் தடிமனாக இருப்பதால் சூடும் மெதுவாகத்தான் இறங்கும். உயரத்தில் இருக்கும் வென்டிலேட்டரையும் முற்றத்தையும் அடைக்காமல் விட்டாலே அங்கே எக்ஸாஸ்ட் தேவைப்படாது.

புது ஃபேன் வாங்கத்தான் வேண்டுமென்றால் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் வாங்குங்கள். காற்று அதிகம் வரும் என்பதற்காக இல்லை, அதே காற்றுதான் வரும். 75 வாட் எடுத்த இடத்தில் 30 வாட் எடுக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம். யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறும் நம் ஊர்க் கணக்கில் 43 யூனிட் சின்ன விஷயம் இல்லை. கரண்ட் போகும்போது இன்வெர்ட்டரில் இரண்டு மடங்கு நேரம் ஓடும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், ஐந்து ஸ்டார் பார்த்து எடுங்கள். உங்கள் படுக்கையறை பத்துக்குப் பத்து என்றால் 1200 மில்லிமீட்டர் இறக்கை போதும்.

ஏர்கூலர் ஏன் வேண்டாம் என்றேன்? தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுக்கும், அதுதான் கூலரின் வேலை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாகாது. வேலூரில், மதுரையில் மே மாதம் அருமையாக வேலை செய்யும். நம் ஊரில் கடல் காற்று ஏறிய பிறகு, உங்களுக்குத் தூக்கம் வராத அந்த ராத்திரி நேரத்தில், ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருக்கும். கூலர் இன்னும் ஈரத்தைச் சேர்க்கும், வியர்வை காயாமல் பிசுபிசுக்கும். மேற்குக் காற்று வீசும் உலர்ந்த மத்தியானத்தில் மட்டும் கொஞ்சம் பலன் தரும், அதுவும் ஜன்னல் திறந்திருந்தால்தான். வருஷத்தில் சில நாட்களுக்காக அந்தப் பணத்தைப் போடச் சொல்ல மனம் வரவில்லை.

அந்தப் பணம் இருந்தால் மொட்டைமாடிக்கு வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பு அடித்தாலும் சரி, கூல் ரூஃப் பெயின்ட் என்று விற்கிறார்களே அதை அடித்தாலும் சரி. வெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டால் சீலிங் சூடாவதே குறையும், ஃபேன் அடிக்கும் காற்றும் அனலாக இருக்காது. சுண்ணாம்பு மழைக்குக் கரையும், வருஷா வருஷம் பங்குனியில் அடிக்க வேண்டியிருக்கும். மாடியில் தண்ணீர் ஊற்றினால் குளிரும் என்பது உண்மைதான். ஆனால் கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருக்களில் அதை நான் சொல்ல மாட்டேன்.

அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது ஃபேன் உடம்புக்குச் சூட்டைத்தான் சேர்க்கும். வியர்வை நன்றாகச் சுரப்பவர்களுக்கு, அது காய்வதால் அதற்கு மேலும் பலன் இருக்கும். 40 டிகிரிக்கு மேல் ஃபேன் உதவாது, கெடுதலே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயதாக ஆக வியர்வை குறையும், தாகமும் தெரியாது. அதனால் அம்மாவுக்கு அந்த எல்லைக்கு முன்பே ஃபேன் மட்டும் போதாமல் போகும். மேற்குக் காற்று வீசும் நாளில் மத்தியானம் கை, கழுத்து, முகம், காலை ஈரத் துணியால் அடிக்கடி துடைத்துவிட்டு ஃபேன் காற்றில் உட்கார வையுங்கள். சுரக்காத வியர்வையின் வேலையை அந்தத் தண்ணீர் செய்யும். முடிந்தால் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை கீழ்வீட்டிலோ தரைத்தள சொந்தக்காரர் வீட்டிலோ இருக்கட்டும். தரைத்தளத்துக்கும் மொட்டைமாடிக்குக் கீழிருக்கும் வீட்டுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பேச்சு குழறினால், ஆள் தெரியாமல் பேசினால், உடம்பு கொதித்தால் ஃபேனை நம்பி உட்காராதீர்கள். தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்.

ராத்திரியில் அம்மா கட்டிலை இறக்கை சுற்றும் வட்டத்துக்கு நேர் கீழே போடுங்கள். சுவரோரம் காற்று பாதிகூட வராது. நீங்கள் தரையில் பாய் விரித்துப் படுத்தால் இன்னும் நல்லது, சூடான சீலிங்கிலிருந்து அந்த அளவுக்கு விலகி இருப்பீர்கள். டேபிள் ஃபேன் இருந்தால் ஹால் பக்க வாசலில், தரையோடு வைத்து உள்ளே பார்க்கத் திருப்புங்கள். தெருவிலிருந்து வந்த காற்று அப்படியே பாயின் மேல் வரும்.

கொசு இல்லாமல் வட சென்னையில் ஜன்னலைத் திறக்க முடியாது, பக்கிங்ஹாம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் இருக்கும்வரை. வலை அடிக்கத்தான் வேண்டும். ஆனால் வலை காற்றை நன்றாகவே குறைக்கும், அழுக்கு ஏறிவிட்டால் சுவரைப் போல் ஆகிவிடும். ஆணி அடித்த வலைக்குப் பதில் வெல்க்ரோ வலை போட்டால் கழற்றித் துவைக்கலாம். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையோ மணலிப் பக்க ரசாயன வாடையோ வரும் ராத்திரியில் எக்ஸாஸ்டை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிடுங்கள். அன்று மட்டும் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், நுரையீரல் முக்கியம்.

ஷீட் போட்ட வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. ஷீட் சட்டென்று சூடாகும், சட்டென்று ஆறும். அங்கே ராத்திரியைவிடப் பகல்தான் கொடுமை. மத்தியானம் ஷீட்டை ஒட்டிய அனல் வெளிக்காற்றைவிடச் சூடு, அதனால் அங்கே எக்ஸாஸ்டைச் சுவரின் உச்சியில், ஷீட்டுக்குக் கீழேயே மாட்டிப் பகலிலும் ஓட்டலாம். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைக்காதீர்கள், வலை மட்டும் அடியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கவோ துளை போடவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

கடைசியாக ஹவுஸ் ஓனர். எக்ஸாஸ்டுக்காகச் சுவரை உடைக்கத் தேவையில்லை. சமையல்கட்டு ஜன்னலில் ஒரு கதவின் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகப் பரணில் வையுங்கள். அந்தச் சட்டத்தின் அளவுக்கு 12 மில்லிமீட்டர் வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் வெட்டி, நடுவில் வட்டம் எடுத்து, அதில் ஃபேனை மாட்டி, சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். ஃபேனைச் சுற்றி இடுக்கு இல்லாமல் ஃபோம் டேப் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் தள்ளிய காற்று அந்த இடுக்கு வழியாகவே திரும்பி வரும். ஜன்னல் சின்னது, 12 அங்குலம் நுழையாது என்றால் 9 அங்குலம் போடுங்கள், அதிக நேரம் ஓட்டினால் சரியாகிவிடும். காற்று நின்றால் தானே மூடிக்கொள்ளும் ஷட்டரை வெளிப்பக்கம் மாட்டினால் மழைச்சாரலும் புறாவும் உள்ளே வராது. வீடு காலி செய்யும்போது பிளைவுட்டைக் கழற்றிக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டு, ஃபேனை எடுத்துக்கொண்டு போகலாம். ஓனரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.